தரிசு என்று எழுதிய நிலம்

நான் வளர்ந்த ராமநாதபுரம் சீமையில் ஒரு நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது விவசாயத்துக்கு ஏற்றதா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. எந்தக் கண்மாய்ப் பாசனம், தலைமடையா கடைமடையா, கண்மாய் பெருகினால் தை வரைக்கும் தாங்குமா, பக்கத்துச் செய் யாருடையது, வண்டிப் பாதை உண்டா என்றுதான் கேட்பார்கள். மண்ணைப் பற்றிய கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகு வரும். அதுவும் என்ன மண் என்றுதான் வருமே தவிர, விளையுமா என்று வராது. விளைச்சல் மண்ணோடு முடிகிற விஷயம் இல்லை என்பது அங்கே சொல்லாமலே தெரிந்த சங்கதி. விளைநிலம், சாகுபடிக்கு உகந்த நிலம், பயிரிடத்தக்க தரிசு ஆகிய சொற்கள் பின்னால் செய்தித்தாளிலும் அரசு அறிக்கைகளிலும் படிக்கக் கிடைத்தவை. ஊர்ப் பேச்சில் நாலைந்து கேள்விகளாக இருந்தது அங்கே ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதில் தப்பில்லை, கணக்கு என்றால் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் சுருங்கிய சொல்லைப் படிக்கிறவர், அது மண்ணின் பிறவிக் குணத்தைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. உழத்தக்க நிலம் என்று நாம் எழுதிவைத்திருப்பது பெரும்பாலும் மண்ணைப் பற்றிய செய்தி அல்ல. தண்ணீர் எங்கிருந்து வந்தது, உரிமை யாரிடம் இருந்தது, வரி எப்படி விதிக்கப்பட்டது, கணக்கு எழுதியவர் எந்தப் பத்தியில் எழுதினார் என்பவை அந்தச் சொல்லுக்குள் உறைந்து கிடக்கின்றன. மிகையாகத் தோன்றலாம். கணக்குகளையே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் உலகக் கணக்கு. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் வெளியிடும் விளைநிலப் பட்டியலில் இந்தியாவுக்கு ஏறத்தாழ 15.5 கோடி ஹெக்டேர். பரப்பளவில் நம்மைப்போல் சுமார் 3 மடங்கு இருக்கும் சீனா இதில் நமக்குப் பின்னால்தான் நிற்கிறது. மேடையில் பேசுகிறவர்களுக்கு இது வாகான எண். இவ்வளவு விளைநிலம் வைத்திருக்கும் நாடு உலகத்துக்கே சோறு போடலாமே என்ற அடுத்த வாக்கியம் தானாக வந்து விழும். அந்த நிறுவனம் எதை விளைநிலம் என்கிறது என்று பார்த்தால் பேச்சின் சுருதி இறங்கிவிடும். ஓராண்டுப் பயிர் நிற்கும் நிலம், தற்காலிகப் புல்வெளி, காய்கறித் தோட்டம், இவற்றோடு 5 ஆண்டுக்குக் குறைவாகச் சும்மா கிடக்கும் நிலம், இவ்வளவுதான். தென்னை, தேயிலை, மா நிற்கும் இடம் நிரந்தரப் பயிர் என்று வேறு பத்திக்குப் போய்விடுகிறது. ஆக, பொள்ளாச்சியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் பாயும் தென்னந்தோப்பு இந்தப் பட்டியலில் விளைநிலம் அல்ல. முதுகுளத்தூர்ப் பக்கம் 3 வருஷமாக ஏர் இறங்காமல் சீமைக் கருவேலங்கன்று முளைத்துக் கிடக்கும் செய், விளைநிலம். பயிர் செய்யச் சாத்தியமான நிலம் எவ்வளவு என்று காட்ட இந்தக் கணக்கு வந்ததல்ல என்று அந்த நிறுவனமே குறிப்புப் போட்டுவைத்திருக்கிறது. குறிப்பை யார் படிக்கிறார்கள்?

நம் நாட்டுக் கணக்கு இதைவிட நுணுக்கமானது. அதுவரை 5 வகையாக இருந்த நிலப் பயன்பாட்டுப் பட்டியலை 1950 வாக்கில் 9 வகையாகப் பிரித்தார்கள். காடு, வேளாண்மை அல்லாத உபயோகத்தில் இருக்கும் நிலம், பயிரிட லாயக்கற்ற நிலம், நிரந்தர மேய்ச்சல் நிலம், தோப்புகளும் மரப்பயிர்களும், பயிரிடத்தக்க தரிசு, இதர தரிசு, நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு. இதில் தரிசு என்ற சொல் 3 இடத்தில் வருகிறது. இந்த வருஷம் மட்டும் விதைக்காவிட்டால் நடப்புத் தரிசு. ஒன்றிலிருந்து 5 வருஷம் வரை போனால் இதர தரிசு. 5 வருஷம் தாண்டினால் பயிரிடத்தக்க தரிசு. வருவாய்த் துறைக்கு வருஷம் என்பது ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும் பசலி. அந்தக் கடைசி ஜூன் 30 வரை ஒரு பெயரில் இருந்த நிலம், பசலி மாறிய மறுநாள் வேறு பெயருக்குப் போகிறது. அந்த ஓர் இரவில் மண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை. சொல் அளப்பது மண்ணை அல்ல, உழவன் வராத காலத்தை. லாயக்கற்ற நிலத்துக்கான இலக்கணமும் இதே ரகம்தான். அளவுக்கு மீறிச் செலவு செய்தாலொழியப் பயிருக்குக் கொண்டுவர முடியாதது என்கிறார்கள். அளவு யாருடைய அளவு? 2 ஏக்கர்க்காரனுக்குக் கட்டுப்படியாகாத செலவு, ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீரும் போட வசதி உள்ளவனுக்குச் சாதாரணம். பாறையையும் உவரையும் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும் அந்த வரி, உண்மையில் பணப்பையைப் பற்றிப் பேசுகிறது.

இந்த ஒன்பது பத்திகளுக்கும் ஊற்றுக்கண் கிராமத்தில் எழுதும் அடங்கல். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், என்ன பயிர், எந்த மாதம் விதைப்பு, எந்தப் பாசனம் என்று குறுக்கே பத்திகள் ஓடும். பயிர் இருக்கும் இடத்தில் அத்தனை பத்திகளும் நிரம்பும். பயிர் இல்லாத இடத்தில் தரிசு என்ற ஒரே சொல், மற்றக் கட்டங்களில் கோடு. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழிக்கும் வரை கர்ணம் எழுதினார், பிறகு கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் அஜ்மாயிஷ் என்னும் மேலாய்வு செய்ய வேண்டும், கடைசியில் ஜமாபந்தியில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆயிரக்கணக்கான உட்பிரிவுகளுக்கு ஒரே ஆள் என்ற நிலையில், சென்ற பசலியைப் பார்த்து இந்தப் பசலியை எழுதுவது ஊரறிந்த ரகசியம். எழுதுவதில் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அடங்கல் வேண்டும், அங்கே பயிர் இருப்பதுதான் நல்லது. மனைப்பிரிவு போட நினைப்பவருக்கு, சில வருஷங்களாகச் சாகுபடி இல்லை என்று அடங்கல் காட்டுவதுதான் நல்லது. ஒரே மண், கேட்கிறவரின் தேவையைப் பொறுத்து இரண்டு விதமாக எழுதப்பட வாய்ப்பிருக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்து, அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தபோது, காவிரிக் கடைமடையில் தலைமுறை தலைமுறையாகச் சம்பா விளைந்த வயல்களும் தரிசுப் பத்திக்குப் போயின. தரிசு என்ற சொல்லை மண்ணின் குணமாகப் படிப்பவர், தஞ்சாவூர் மண் அந்த ஒரு வருஷம் கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நஞ்சை, புஞ்சை என்னும் பிரிவு இன்னும் பழையது, இன்னும் உறுதியானது என்று தோன்றும். பத்திரத்தில் அந்தச் சொல்லைப் படித்ததும் நஞ்சைக்கு நெல்லும் புஞ்சைக்குக் கம்பும் கண்ணில் வரும். ரயத்துவாரி முறையை மன்றோ காலத்தில் பரப்பி, 1850-களுக்குப் பிறகு ஊர் ஊராக அளந்து செட்டில்மெண்ட் செய்தபோது, களிமண், கரிசல், செம்மண், மணல் என்று மண்ணைத் தரம் பிரித்தது உண்மை. ஆனால் பிரித்ததன் நோக்கம் மண்ணறிவு அல்ல, தீர்வை. நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அரசு பராமரிக்கும் ஏரியிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ தண்ணீர் வருகிறதா என்று பார்த்து விகிதம் போட்டார்கள். அரசுத் தண்ணீர் பாய்ந்தால் நஞ்சை, இல்லாவிட்டால் புஞ்சை. சொந்தக் கிணறு வெட்டி நெல் போட்டாலும் கணக்கில் புஞ்சைதான். இன்று ஆழ்துளைக் கிணற்றில் கரும்பு நிற்கும் புஞ்சைகளும், கண்மாய் தூர்ந்துபோய்க் கருவேலங்காடாகிவிட்ட நஞ்சைகளும் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருக்கின்றன, பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. 1960-களில் தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்ப் பாசனம் 9 லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருந்தது, இப்போது அதில் பாதிகூட இல்லை. அந்த ஆயக்கட்டு நிலமெல்லாம் நஞ்சை என்ற பட்டத்தோடு தாகத்தில் கிடக்கிறது. அரசுத் தரிசுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் வெளிப்படை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்பவைதான் அந்தப் பெயர்கள். தரிசின் வகையைத் தீர்மானிப்பது வரி. எங்கள் சீமை ஜமீனாக இருந்ததால் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இந்தச் சொற்கள் முழுசாக வந்து சேர்ந்தன. அதற்கு முன் விளைந்ததில் ஜமீனுக்கு வாரம், விளையாவிட்டால் அதுவும் இல்லை. சும்மா கிடக்கும் நிலத்துக்கு அவ்வளவு வகைப்பெயர் தேவைப்படவில்லை.

வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று இதை முடித்துவிடுவது சுலபம், ஆனால் சரியல்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக் கணக்கு வருகிறது. முதலில் ஊரின் மொத்தப் பரப்பு. அதிலிருந்து குடியிருப்பு நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடே ஓடும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சியதற்குக் காணிக்கடன் நெல் இவ்வளவு என்று போடுகிறார்கள். விளைநிலம் என்பது அங்கே கழித்தலின் மீதி. கழிக்கப்பட்டவற்றின் வரிசையைப் பார்த்தால் அந்த ஊரில் யார் எங்கே இருந்தார்கள், யார் நிலத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதுகூடத் தெரிகிறது. பிற்காலத்தில் செங்கற்பட்டுப் பக்கத்து மிராசுதாரர்கள் தங்கள் ஊர்த் தரிசை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முன்பு சாகுபடி நடந்து பிறகு விடுபட்டது செய்கால் கரம்பு. ஆதியிலிருந்தே உழவு காணாதது அனாதிக் கரம்பு. ஒன்பது வகைப் பட்டியலின் தரிசுக்கும் லாயக்கற்றதற்கும் இடையே உள்ள கோட்டை, புள்ளிவிவரத் துறை வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே இவர்கள் போட்டிருக்கிறார்கள். எதற்கு? இரண்டு கரம்பும் எங்கள் மிராசு, ஊருக்கு வெளியிலிருந்து வந்தோ, ஊருக்குள்ளேயே சேரியிலிருந்து வந்தோ வேறொருவன் கேட்க முடியாது என்று நாட்டத்தான். கும்பினி அதிகாரிகள் இந்த உரிமையை ஏற்பதா மறுப்பதா என்று பல பத்தாண்டுகள் அறிக்கை அறிக்கையாக எழுதினார்கள்.

அந்தத் தகராறு யார் தலையில் விடிந்தது என்பதை 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை காட்டியது. தரிசு வேண்டி எவரும் தர்காஸ்து கொடுக்கலாம் என்று காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் மிராசுதாரருக்கு முன்னுரிமை. பண்ணையில் உழைத்த பறையர் ஒருவர் மனுப் போட்டால், மிராசுதார் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று குறுக்கே வந்துவிடலாம். எடுத்துக்கொண்டு உழ வேண்டும் என்று கட்டாயமில்லை, இன்னொருவன் உழாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொந்தமாக ஒரு காணி இருந்தால் பண்ணை வேலைக்கு ஆள் வருமா என்ற கணக்கு அது. ஆக அந்த நிலம் தரிசாகக் கிடந்தது களர் என்பதாலோ கல் என்பதாலோ அல்ல, உழத் தயாராக இருந்த கைகளுக்கு அதில் அனுமதி இல்லை என்பதால். 1892-இல் அரசு போட்ட உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய தரிசுதான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். கொடுத்தது போனபிறகு மீட்கக் கேட்டவர்கள் மீது 1994-இல் செங்கற்பட்டை அடுத்த காரணை நிலத்துக்கான போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். கடல் தாண்டி இலங்கையில் 1840-இலும் 1897-இலும் வந்த சட்டங்கள் வேறு விதம். உழாத நிலம், காடு, சேனைப் பயிர் செய்யும் நிலம் எல்லாம் முடியரசுக்குச் சொந்தம் என்ற அனுமானத்தில் அவை தொடங்கின. அந்த மலைச்சரிவுகளில் எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம் ஆட்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அங்கே வெறுமை என்று எழுதியது கிராமத்தானிடமிருந்து நிலத்தைப் பிடுங்கியது. இங்கே 1892-இல் அதே சொல் நிலமில்லாதவன் கைக்கு ஒரு துண்டு வரக் காரணமானது. எனக்குச் சொல்லோடு பகை இல்லை. சொல் எவர் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மண் என்று ஒன்று இல்லவே இல்லையா என்று வேளாண்மை படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. களர் களர்தான், பாறை பாறைதான். காற்றடித்தால் இடம் மாறும் தூத்துக்குடித் தேரி மணலில் நாற்று நட முடியாது. கரிசலுக்கு உள்ள ஈரம் தாங்கும் குணத்தைச் செம்மண்ணுக்குப் பட்டா மாற்றிக் கொடுத்துவிட முடியாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழத்தக்கது, தகாதது என்ற கோடு மண் வரைபடத்தின் கோட்டோடு ஒருபோதும் ஒட்டி ஓடுவதில்லை. கொங்கு நாட்டைப் பார்த்தால் போதும். அங்கே மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். காட்டுக்குப் போகிறேன் என்றால் சோளமோ கடலையோ போட்ட வயலுக்குப் போகிறார் என்று அர்த்தம், கிணற்றுப் பாசனம் வந்துவிட்டால் அதே இடம் தோட்டம். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் இறங்க இறங்க, காடுகள் தோட்டமாயின. மண் மாறவில்லை. நீர்மட்டம் 1,000 அடிக்குக் கீழே போன ஊர்களில் அதே தோட்டங்கள் மறுபடி காடாகின்றன, அப்போதும் மண் மாறவில்லை. தேரியை ஒட்டிய நிலத்திலேயே சாத்தான்குளம் பக்கம் முருங்கை காய்க்கிறது. எங்கள் பக்கத்து மழைமறைவு மண்ணில் வரும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நெல்லுக்கு ஆகாத மண்ணை ஆகாத மண் என்று எழுதிப் பழகிய கணக்கில் மிளகாய்க்கு இடம் கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது!

அடுத்த ஆட்சேபம் புள்ளிவிவரக்காரர்களுடையது. எதையும் எங்காவது கோடு போட்டுத்தானே எண்ண முடியும், 5 வருஷம் என்றால் 5 வருஷம், அதில் என்ன தப்பு என்பார்கள். தப்பே இல்லை. உலக நிறுவனமும் நம் துறையும் கோட்டை எங்கே போட்டோம் என்று மறைக்கவும் இல்லை. சிக்கல் எண்ணில் அல்ல, எண் பயணப்படும்போது வருகிறது. அறிக்கையிலிருந்து திட்டத்துக்கும் தேர்தல் வாக்குறுதிக்கும் போகும்போது, எத்தனை வருஷம் உழவில்லை என்ற பொருள் கழன்று விழுந்து, யாருக்கும் உபயோகமில்லாமல் கிடக்கிறது என்ற பொருள் ஏறிக்கொள்கிறது. 2006-இல் நிலமற்ற ஏழைகளுக்கு ஆளுக்கு 2 ஏக்கர் கொடுக்கும் திட்டம் வந்தபோது, மாநிலத்தில் 50 லட்சம் ஏக்கர் தரிசு இருக்கிறது என்ற எண் எல்லார் வாயிலும் இருந்தது. தமிழ்நாட்டின் 130 லட்சம் ஹெக்டேரில் நடப்புத் தரிசும் இதர தரிசும் சேர்ந்தால் 20 லட்சம் ஹெக்டேருக்கும் மேல், அதாவது 50 லட்சம் ஏக்கர் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த எண் அல்ல. ஆனால் அவை பெரும்பாலும் பட்டா நிலங்கள், ஒரு குடியானவன் பெயரில் ஏற்கெனவே எழுதப்பட்டவை. பயிரிடத்தக்க தரிசு என்ற பத்தியில் இருப்பது 3 லட்சம் ஹெக்டேரை ஒட்டித்தான். கடைசியில் கொடுக்கப்பட்டது 50 லட்சத்தின் அருகில்கூட வரவில்லை. திட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, நிலமில்லாதவனுக்கு நிலம் என்பது இந்த மாநிலத்தில் தாமதமான நியாயம். ஒரு சொல்லின் இரண்டு பொருளைக் குழப்பிக்கொண்டு அந்த நியாயத்துக்குக் கணக்கு எழுதியதைத்தான் சொல்கிறேன்.

சும்மா கிடக்கிறது என்று சொல்லும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறவை நிறைய. அறுப்பு முடிந்த வயலில் கிடை போடும் கீதாரிகள் எங்கள் சீமையிலிருந்துதான் தஞ்சாவூர் வரை ஆடு ஓட்டிப் போகிறார்கள். பகலெல்லாம் தரிசில் மேய்த்து, இராத்திரி வயலுக்குச் சொந்தக்காரர் சொன்ன இடத்தில் வலையைச் சுற்றிப் பட்டி அடைக்க, விடிந்தால் அந்தத் துண்டுக்குப் புழுக்கையும் மூத்திரமுமாக உரம். மறுநாள் பட்டியைப் பக்கத்துத் துண்டுக்கு நகர்த்துவார்கள். தரிசு இல்லாத ஊரில் கிடை இல்லை. அடங்கலில் கோடு போட்டு விடப்பட்ட கட்டத்துக்குள் இந்த மந்தை இருக்கிறது, அதை எழுதப் பத்தி இல்லை. சீமைக் கருவேலத்தையும் சேர்க்க வேண்டும். விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பி, பிறகு கண்மாய்களையும் செய்களையும் மூடிவிட்ட அந்த மரத்தை வெட்டச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அது வரவேண்டிய உத்தரவுதான். ஆனால் பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவுகிற குடும்பங்கள் இருக்கின்றன. நெல் விளைந்த காலத்தில் மூட்டை எண்ணியதுபோல் கரி மூட்டை எண்ணுகிறார்கள். 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது, வறண்டு கிடந்த நிலத்துக்கு உபயோகம் வந்தது என்று பாராட்டினார்கள். வெயில் மின்சாரத்துக்கு நான் எதிரி அல்ல. வறண்டு கிடந்தது என்ற ஒரு சொல்லுக்குள் ஆடு, கரி, மழை பெய்த வருஷத்துக் குதிரைவாலி எல்லாம் அடங்கிப் போயினவே என்பதுதான் குறை.

இப்படிப் பேசினால் தரிசுக்குத் துதி பாடுவதுபோல் ஆகிவிடும் என்ற ஆட்சேபமும் வரும். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது 50 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு நிலம் உழவை விட்டுப் போயிருக்கும்போது, சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா? தொங்கத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தச் சரிவுக்குக் காரணம் தேடுகிறவர்கள் எல்லாம் முதலில் மண்ணைப் பார்க்கிறார்கள், அடுத்து நூறு நாள் வேலையைத் திட்டுகிறார்கள். ஊரில் உழாமல் கிடக்கும் செய்களை ஒவ்வொன்றாக விசாரித்தால் வேறு பதில்கள் வரும். இது மடை உடைந்து 8 வருஷமாகத் தண்ணீர் ஏறாதது. அது தாத்தா பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டா, வாரிசு 11 பேர், பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும். அடுத்தது காட்டுப் பன்றியும் மயிலும் விட்டுவைப்பதில்லை என்று கைவிட்டது. இன்னொன்று நல்ல மண், நல்ல கிணறு, ஆனால் குத்தகைக்கு விட்டால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் குத்தகைதாரர் உட்கார்ந்துகொள்வார் என்று பயந்து பூட்டிவைத்தது. உழவருக்குப் பாதுகாப்பாக வந்த சட்டம் இப்படித் தரிசுக்கும் காரணமாவதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கடைசியாக ஒன்று, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் மனையாகும் நாளுக்காகக் காத்திருப்பது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தபோது, பிரித்துப்போட்ட பல வயல்கள் கல் நட்டபடியே நின்றன, விதைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அடங்கலில் இந்த ஐந்தும் ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. அடங்கலின் ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு பத்தி ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் காலியாக. தரிசு என்று எழுதும் கையே அங்கே ஏன் என்றும் எழுதலாம். மடை, வாரிசு, விலங்கு, குத்தகை, ஆள், மனை, ஓய்வு என்று ஒரு சொல் போதும். ஓய்வு என்பதும் ஒரு காரணம்தான், மண்ணுக்கு மூச்சு விடக் கொடுக்கும் பருவத்தைக் கைவிட்டதோடு சேர்த்து எண்ணக்கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கு இருக்கும் வேலைக்கு இதுவுமா என்று சங்கத்தார் கேட்பார்கள், கேட்பதில் நியாயமுண்டு. 2024-இல் மின்னணுப் பயிர் அளவீட்டுக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்ப வேண்டி வந்ததே ஆள் பற்றாக்குறையால்தான். ஆனால் கைபேசியோடு அத்தனை தூரம் போய்ச் செய்யின் ஓரத்தில் நிற்கிறவர், பயிர் இல்லை என்று பதிகிற அதே நிமிஷத்தில் பக்கத்து வயலில் இருப்பவரிடம் காரணம் கேட்டுப் பதிந்துவிடலாம். அப்போது 20 லட்சம் ஹெக்டேர் என்ற ஒற்றை எண், கண்மாய் மராமத்துக்கு உரியது இவ்வளவு, பாகப் பிரிவினை முகாமுக்கு உரியது இவ்வளவு, குத்தகைச் சட்டத்தில் திருத்தம் கேட்பது இவ்வளவு என்று பிரியும். நீர்வளத் துறைக்குப் போக வேண்டிய மனு வேளாண்மைத் துறைக்குப் போய்த் திரும்பி வருவதும் குறையும்.